கட்டிலைச் சுற்றி எத்தனை பேர்?

கேள்வி: மகள் எஸ்.டி.பி.எம். முடித்துவிட்டாள். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கிடைக்கவில்லை. இரண்டு தனியார் கல்லூரிகள் இடம் தருகின்றன. ஒன்று புதுக் கட்டடம்; ஏர்கோன் விடுதி, நீச்சல் குளம், பொம்மைகளை வைத்துப் பழகும் பெரிய கூடம் எல்லாம் உண்டு. மற்றது பழைய இடம். ஆனால் அந்தப் புதுக் கல்லூரியில் படிக்கும் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் இரண்டு பேர், "லெக்சரர் ஸ்லைடைப் பார்த்து வாசிக்கிறார், வார்டில் சொல்லித்தர ஆள் வருவதில்லை" என்று புலம்புகிறார்கள். படிக்கிற பிள்ளைகள் எங்கே போனாலும் புலம்பத்தானே செய்வார்கள்? இதைக் கணக்கில் எடுக்க வேண்டுமா? அடுத்த வாரம் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள்.
– ஒரு தந்தை, சுங்கை சிப்புட், பேராக்

பதில்: கட்டாயம் எடுக்க வேண்டும், ஐயா. "புலம்பல்" என்ற சொல்லை முதலில் விட்டுவிடுங்கள். பல தனியார் கல்லூரிகளில் ஐந்தாண்டு மருத்துவக் கட்டணம் 3 இலட்சம் வெள்ளியைத் தாண்டுகிறது. அவ்வளவு பணம் போடப் போகிற உங்களுக்கு, உள்ளே இருந்து பார்த்தவர்கள் இரண்டு பேர் கூலி வாங்காமல் தகவல் தந்திருக்கிறார்கள். விளம்பரத் தாளைக் கல்லூரி அச்சடிக்கிறது. இந்தப் பிள்ளைகளுக்கு உங்களிடம் விற்க எதுவும் இல்லை.

ஆனால் அவர்கள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது. எந்த ஆண்டில் படிக்கிறார்கள் என்று கேட்டீர்களா? முதலாண்டுப் பிள்ளை சொல்வது பெரும்பாலும் சாப்பாடு, விடுதி, வீட்டு நினைப்பு. முதல் இரண்டு ஆண்டும் உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல், மருந்தியல் என்று வகுப்பறையிலேயே போகும். அந்த இரண்டு ஆண்டில் சுமாரான விரிவுரையைக்கூட நல்ல பாடநூலும் நூலகமும் வைத்து ஈடுகட்டிவிடலாம். மூன்றாம் ஆண்டில் வார்டுக்குள் நுழைந்த பிறகு நடப்பதை எந்தப் புத்தகத்தாலும் ஈடுகட்ட முடியாது. ஆகவே நான்காம், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளைத் தேடிப் பிடியுங்கள். அவர்களிடம் "நல்லாச் சொல்லித் தர்றாங்களா?" என்று கேட்காதீர்கள். எண்ணிக்கையில் பதில் வருகிற மாதிரி கேளுங்கள்.

முதல் கேள்வி: ஒரு நோயாளியின் கட்டிலைச் சுற்றி எத்தனை மாணவர்கள் நிற்கிறீர்கள்?

இது ஏன் அவ்வளவு முக்கியம் என்று ஓர் உதாரணம் சொல்கிறேன். கல்லீரல் வீங்கியிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். மாணவர் நோயாளியின் வலப்பக்கம் நிற்க வேண்டும். எங்கே வலிக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். வலது அடிவயிற்றில் தொடங்கி, நோயாளி மூச்சை இழுக்கும்போது கையை அசைக்காமல் வைத்து, மூச்சை விடும்போது ஒரு விரல் அகலம் மேலே நகர்த்தி, விலா எலும்பு வரை போக வேண்டும். மூச்சு உள்ளே போகும்போது கல்லீரலின் ஓரம் கீழே இறங்கி வந்து விரலில் முட்டும். அந்த முட்டலை ஒரு தடவை உணர்ந்த கை மறக்காது. இத்தனை நேரமும் கண் வயிற்றில் இருக்கக் கூடாது, நோயாளியின் முகத்தில் இருக்க வேண்டும். வலித்தால் முகம்தான் முதலில் சொல்லும். ஐந்தாறு பேர் நின்றால் எல்லோருக்கும் முறை வரும். தவறாகக் கை வைத்தவரின் கையைப் பிடித்து ஆசிரியர் திருத்தலாம். பதினைந்து பேர் நின்றால் முதல் இரண்டு பேர் தொடுவார்கள், மூன்றாவது ஆள் தொடும்போது நோயாளிக்கு வலி வந்துவிடும், மற்றவர்கள் முன்னால் நிற்பவரின் தோளைப் பார்த்துவிட்டுப் போவார்கள். இதயத்தில் மைட்ரல் வால்வு சுருங்கியவருக்குக் கேட்கும் முணுமுணுப்பு இன்னும் நுட்பம். நோயாளியை இடப்பக்கம் திருப்பிப் படுக்க வைத்து, மூச்சை வெளியே விட்டு நிறுத்தச் சொல்லி, ஸ்டெதஸ்கோப்பின் மணிப் பக்கத்தை மெல்ல வைத்தால்தான் காதில் விழும். கடைசி வரிசையில் நின்ற பிள்ளை அந்த ஒலியைக் கேட்காமலே டாக்டராகிவிடும்.

உங்கள் ஊரில் பாலுக்காக ரப்பர் மரம் வெட்டிப் பழகியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கத்தி ஆழம் போனால் மரம் காயப்படும், மேலாகப் போனால் பால் இறங்காது. அந்த அளவைக் கங்காணி பக்கத்தில் நின்று, வெட்டவிட்டு, திருத்தித்தான் கற்றுக்கொடுத்தார். பத்தடி தள்ளி நின்று பார்த்துக் கற்ற வெட்டுக்காரர் யாரும் இல்லை.

இரண்டாவது கேள்வி: போன வாரம் கால அட்டவணையில் வார்டு வகுப்பு எத்தனை இருந்தது, எத்தனை நடந்தது? ஆசிரியர் வராமல் போவதற்குப் பெரும்பாலும் சோம்பல் காரணமல்ல. பல தனியார் கல்லூரிகளுக்குச் சொந்த மருத்துவமனை கிடையாது; அரசாங்க மருத்துவமனையில்தான் பயிற்சி. அங்குள்ள நிபுணருக்குக் கிளினிக்கும் அறுவை அரங்கும்தான் முதல் வேலை, மாணவர்கள் பிறகுதான். கல்லூரியே முழுநேரச் சம்பளத்தில் மருத்துவ ஆசிரியர்களை வைத்திருந்தால் அவர்கள் வருவார்கள். பெயர்ப் பட்டியலை நீட்டக் கௌரவ விரிவுரையாளர்களைச் சேர்த்திருந்தால் பட்டியலில் முப்பது பேர் இருந்தும் வார்டில் ஒருவர் இருக்கமாட்டார். மருத்துவம், அறுவை, குழந்தை நலம், மகப்பேறு ஆகிய நான்கு துறையிலும் முழுநேர ஆசிரியர் எத்தனை பேர் என்று கல்லூரி அலுவலகத்திலேயே கேளுங்கள். அதே மருத்துவமனையை வேறு எத்தனை கல்லூரிகள் பங்கு போடுகின்றன என்றும் கேளுங்கள். காலையில் ஒரு கல்லூரி, மதியம் இன்னொன்று என்று வந்தால், கல்லீரல் வீங்கிய அந்த ஒரு நோயாளி "போதும், என்னை விடுங்கள்" என்றுதான் சொல்வார். அவரைக் குறை சொல்ல முடியாது.

மூன்றாவது, லாக்புக். எத்தனை பேருக்கு இரத்தம் எடுத்தார், எத்தனை பிரசவத்தில் உதவினார் என்று மாணவர் எழுதி ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கும் புத்தகம் அது. கையெழுத்து அன்றன்று விழுகிறதா, போஸ்டிங் (ஒரு துறையில் பயிற்சிக் காலம்) முடிகிற நாளில் மொத்தமாக விழுகிறதா? மொத்தமாக விழுந்தால் யாரும் பார்த்துச் சரி செய்யவில்லை என்று அர்த்தம்.

உங்களைக் கவர்ந்த அந்தப் பொம்மைக் கூடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது வீண் அல்ல. பிரானூலா, அதாவது மருந்து ஏற்ற இரத்த நாளத்தில் செருகும் சிறு பிளாஸ்டிக் குழாய், போடப் பழக முதலில் ரப்பர் கைதான் நல்லது. தோலை இழுத்துப் பிடித்து, ஊசியைச் சாய்வாக நுழைத்து, ஊசியின் பின்னறையில் இரத்தம் தெரிந்ததும் சாய்வைக் குறைத்து, ஓரிரண்டு மில்லிமீட்டர் மேலும் உள்ளே செலுத்திய பிறகுதான் பிளாஸ்டிக் குழாயைத் தள்ள வேண்டும். இரத்தம் தெரிந்தவுடனே ஊசியை உருவினால் என்ன ஆகும்? ஊசி முனைதான் இரத்த நாளத்துக்குள் போயிருக்கும், பிளாஸ்டிக் முனை வெளியே நிற்கும். மருந்து ஏற்றியதும் கை வீங்கிவிடும். இந்த வரிசையை ரப்பர் கை சொல்லித் தரும். ஆனால் ரப்பர் கையில் இரத்த நாளம் நழுவாது. நீர் வற்றிப்போன எழுபது வயதுப் பாட்டியின் கையில் நழுவும். டெங்கிக் காய்ச்சலில் துவண்ட குழந்தை கையை இழுத்துக்கொள்ளும். பொம்மைக் கூடத்திலிருந்து வார்டுக்கு எந்த மாதத்தில் அனுப்புகிறார்கள், அங்கே யார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்பதுதான் கேட்க வேண்டியது.

ஸ்லைடு வாசிப்பதைச் சொன்னீர்கள். பல கல்லூரிகளில் விரிவுரையோடு பி.பி.எல். (ஒரு சிக்கலை வைத்துக் கற்பது) என்ற முறையும் உண்டு. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969-இல் அதைத் தொடங்கியது. எட்டுப் பத்துப் பேர் கொண்ட குழுவிடம் ஒரு நோயாளியின் கதையைக் கொடுப்பார்கள். தெரியாததை அவர்களே பட்டியலிட்டு, தேடிப் படித்து, சில நாள் கழித்துக் கூடி விவாதிக்க வேண்டும். இது கெட்டுப்போவது இரண்டு வழியில். ஆசிரியர் பொறுமையிழந்து தானே விரிவுரை நடத்திவிடுவார். அல்லது போன ஆண்டு விடையை சீனியர்கள் வாட்சப்பில் அனுப்பிவிடுவார்கள். ஒரே கதைகளைப் பல ஆண்டு மாற்றாமல் வைத்திருக்கும் கல்லூரியில் இரண்டாவது நிச்சயம் நடக்கும். "கேஸ் மாத்துறாங்களா?" என்று பிள்ளைகளைக் கேட்டால் உடனே பதில் வந்துவிடும்.

தேர்ச்சி விகிதம் 95 என்று தாளில் போட்டிருப்பார்கள். எதற்கு 95 என்று கேளுங்கள். ஒரு கணக்குக்குச் சொல்கிறேன்: 100 பேர் சேர்ந்து, வழியில் 18 பேர் விலகியோ ஓராண்டு பின்தங்கியோ போய், 82 பேர் கடைசித் தேர்வு எழுதி, 78 பேர் தேறினால் அதுவும் 95 விழுக்காடுதான். ஒன்றாகச் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் ஐந்தே ஆண்டில் முடித்தார்கள் என்பதுதான் உங்களுக்கு வேண்டிய எண். ஓராண்டு பின்தங்கினால் அந்த ஆண்டுக் கட்டணமும் உங்கள் தலையில்தான். மறுதேர்வுக்கு எத்தனை வாய்ப்பு, அதற்குத் தனிக் கட்டணம் எவ்வளவு என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

விடுதியைப் பொறுத்தவரை ஏர்கோனை விடுங்கள். விடுதிக்கும் மருத்துவமனைக்கும் எவ்வளவு தூரம், காலையில் எத்தனை மணிக்குப் பேருந்து, இரவுப் பணியிலிருந்து திரும்பும் பெண் பிள்ளைகளுக்கு வண்டி உண்டா என்று பாருங்கள். மனம் சோர்ந்த பிள்ளை போய்ப் பேச ஓர் ஆலோசகர் இருக்கிறாரா, அவரிடம் பேசினால் அது பாட ஆசிரியர் காதுக்குப் போகுமா என்பதையும் விசாரியுங்கள். போகும் என்றால் ஒருவரும் போகமாட்டார்கள்.

உங்கள் மகளுக்குச் சாதகமான ஒன்றையும் சொல்ல வேண்டும். வார்டில் நம் ஆட்கள் "மயக்கமா இருக்கு" என்பார்கள். தலை சுற்றுவதும் மயக்கம், கண் இருட்டிக்கொண்டு விழப் பார்ப்பதும் மயக்கம், சாப்பிடாமல் வரும் சோர்வும் மயக்கம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு. "சுத்துதா, கண்ணு இருட்டுதா, பசியா?" என்று திருப்பிக் கேட்கத் தெரிந்த பிள்ளை தோட்டத்துப் பிள்ளைதான். அந்தத் திறமையை வளர்க்கிற ஆசிரியர் உள்ள இடத்தில் அவள் மற்றவர்களை முந்துவாள்.

இதெல்லாம் ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், பட்டம் வாங்கியதும் இரண்டு ஆண்டு ஹவுஸ்மேன் (பயிற்சி மருத்துவர்) பணி காத்திருக்கிறது. நான்கு மாதத்துக்கு ஒரு துறை என்று ஆறு துறை. கல்லூரியில் கை பழகாதவர் அங்கே நள்ளிரவில், வரிசையாக நோயாளிகள் காத்திருக்கும்போது பழக வேண்டியிருக்கும். திட்டும் அவமானமும் அதிகம் விழுவது அவர்கள்மேல்தான், தவறு நடந்தால் நோயாளிக்கும் ஆபத்து.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. மலேசிய மருத்துவ மன்றத்தின் பட்டியலிலும் எம்.கியூ.ஏ. (மலேசியத் தகுதி முகமை) பதிவேட்டிலும் அந்தப் பட்டம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். அங்கீகாரம் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் தரப்படுகிறது. எந்த ஆண்டு வரை என்பதைக் கவனியுங்கள். பிறகு ஒரு வேலை நாளில் மகளோடு இரண்டு கல்லூரிகளின் பயிற்சி மருத்துவமனைக்கும் போங்கள். கல்லூரி ஏற்பாடு செய்யும் திறந்த நாளில் போக வேண்டாம். காலை பத்து, பத்தரைக்குக் கென்டீனில் வெள்ளைக் கோட்டு மாட்டிய பிள்ளைகள் டீ குடிக்க வருவார்கள். நம் பிள்ளைகளும் இருப்பார்கள். மேலே சொன்ன மூன்று கேள்வியையும் மகளையே கேட்கச் சொல்லி, நீங்கள் அடுத்த மேசையில் உட்காருங்கள்.

முன்பணத்தை அதற்குப் பிறகு கட்டலாம். திருப்பித் தரும் விதி என்ன, எந்தத் தேதிக்குள் விலகினால் எவ்வளவு கிடைக்கும் என்று கையெழுத்தோடு கடிதம் வாங்காமல் கட்டாதீர்கள். பி.டி.பி.டி.என். என்ற அரசாங்கக் கல்விக் கடன் முழுக் கட்டணத்தையும் ஈடுகட்டாது. இ.பி.எப். சேமநிதியிலிருந்து எடுக்க நினைத்தால், கல்விக்கென்று உள்ள திட்டத்தில் செஜாத்ரா கணக்கிலிருந்துதான் எடுக்க முடியும். மே 2024 முதல் மாதச் சந்தாவில் 15 விழுக்காடுதான் அதில் சேர்கிறது. அந்தக் கணக்கில் இன்று எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டு ஐந்து ஆண்டுக்கும் கணக்குப் போடுங்கள், முதலாண்டுக்கு மட்டும் போடாதீர்கள்.