டிஸ்கவரி கெடு முடியப்போகிறது: எதிர்த்தரப்பின் மின்னஞ்சல் சம்மதம் போதுமா?

கேள்வி: டெக்சாஸில் ஆலங்கட்டி மழையால் எங்கள் வீட்டுக் கூரை சேதமானது. இழப்பீடு தர மறுத்த இன்சூரன்ஸ் கம்பெனி மீது ஃபெடரல் கோர்ட்டில் வழக்கு நடக்கிறது. ட்ரயல் எனும் கோர்ட் விசாரணைக்கு முன் இரு தரப்பும் ஆவணங்களையும் சாட்சியங்களையும் கேட்டுப் பெறும் டிஸ்கவரி கட்டத்தின் கெடு முடிய மூன்று வாரமே இருக்கிறது. சேதத்தை மதிப்பிட்ட அட்ஜஸ்டரிடமும் கம்பெனிப் பிரதிநிதியிடமும் டெபொசிஷன் (ட்ரயலுக்கு முன் சத்தியத்தின் பேரில் பதிவாகும் வாக்குமூலம்) எடுக்கவில்லை. "அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம், ஆட்சேபணை இல்லை" என்று எதிர்த்தரப்பு வக்கீல் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். இது போதுமா?

பதில்: போதாது. ஃபெடரல் சிவில் நடைமுறை விதி 29(பி)-இன்படி இரு தரப்பும் பேசித் தேதியை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் டிஸ்கவரி முடியும் நாளையோ ட்ரயலையோ அது பாதித்தால் நீதிபதியின் அனுமதி கட்டாயம். அனுமதி இல்லாத நிலையில் அடுத்த மாதம் அவர்கள் சாட்சியை அனுப்பாவிட்டால், அனுப்ப உத்தரவிடக் கோரி நீங்கள் போடும் மனு கெடு தாண்டியது என்றே தள்ளுபடியாகலாம்.

ஆகவே கெடுவுக்கு முன்பே நீட்டிப்பு மனு போட உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள். விதி 16(பி)(4) கேட்பது தக்க காரணம்; நீங்கள் சுணங்காமல் முயன்றீர்களா என்பதைத்தான் நீதிபதி முதலில் பார்ப்பார். எதிர்த்தரப்பின் சம்மதம் கைகொடுக்கும், ஆனால் அதுவே காரணமாகிவிடாது. வேலைப்பளு என்று எழுதினால் எடுபடாது. க்ளெய்ம் ஃபைலை (உங்கள் இழப்பீட்டுக் கோரிக்கை பற்றிய கம்பெனிக் கோப்பு) கேட்ட நாள், அது கைக்கு வந்த நாள், டெபொசிஷனுக்குத் தேதி கேட்டு எழுதிய நாள், வந்த பதில் ஆகியவற்றை வரிசையாக எழுதி, அந்த மின்னஞ்சல்களையும் இணைக்க வேண்டும். கெடு தாண்டிவிட்டால் விதி 6(பி)-இன்படி தாமதம் மன்னிக்கத்தக்கது என்றும் காட்ட வேண்டியிருக்கும். அது மிகக் கடினம்.

மொத்த டிஸ்கவரியையும் நீட்டிக்கக் கேட்காதீர்கள். இந்த இரண்டு டெபொசிஷனுக்கு மட்டும், குறிப்பிட்ட தேதிவரை, ட்ரயல் தேதி மாறாமல் என்று கேட்டால் நீதிபதிக்குத் தயக்கம் குறையும். சம்மரி ஜட்ஜ்மென்ட் மனுவுக்கான (ட்ரயல் இல்லாமலே தீர்ப்புக் கேட்கும் மனு) கெடுவையும் பாருங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: டிஸ்கவரி நீண்டிருக்கும், ஆனால் டெபொசிஷன் முடியும் முன்பே அந்த மனுவுக்குப் பதில் தரும் நாள் வந்துவிடும். அப்படி வந்தால் விதி 56(டி)-இன்படி பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்து அவகாசம் கேட்கலாம்.

மனு போட்டதாலேயே கெடு நின்றுவிடாது. அதனால் டெபொசிஷன் நோட்டீஸ்களை இன்றே அனுப்புங்கள். கம்பெனிப் பிரதிநிதிக்கு விதி 30(பி)(6) நோட்டீஸ் போதும். விசாரிக்கப்போகும் விஷயங்களை அதில் தெளிவாக எழுதி, அவற்றைப் பற்றி எதிர்த்தரப்புடன் பேசியாக வேண்டும். கூடவே ஆவணங்களும் கேட்டால் பதில் தர அவர்களுக்கு 30 நாள் உண்டு. உங்களிடம் இருப்பது மூன்று வாரம்தான் என்பதால், இதையும் நீட்டிப்பு மனுவில் சேர்க்கச் சொல்லுங்கள்.

அட்ஜஸ்டர் கம்பெனி ஊழியர்தானா என்று விசாரியுங்கள். புயல், ஆலங்கட்டிக் காலத்தில் வெளிமாநிலத்து ஒப்பந்த அட்ஜஸ்டர்கள் நிறைய வருவார்கள். அப்படிப்பட்டவருக்கு நோட்டீஸ் செல்லாது, விதி 45 சப்பீனா (சாட்சி சொல்ல வரும்படியான அழைப்பாணை) வேண்டும். அவர் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் இடத்திலிருந்து 100 மைலுக்குள் இடத்தைக் குறியுங்கள். சப்பீனாவை நேரில் கொடுக்கும்போதே ஒரு நாள் சாட்சிப்படி 40 டாலரையும் மைலேஜ் பணத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அவர் வராமலிருக்க அதுவே காரணமாகிவிடும்.