டிம் செய்யாதவருக்கு என்ன பதில்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரவில் கார் ஓட்டும்போது எனக்கு ஆத்திரமூட்டுவது ஹை பீம், அதாவது மேலே தூக்கி அடிக்கும் ஹெட்லைட். எதிரே வருபவர் டிம் செய்யாவிட்டால், அதாவது லோ பீமுக்கு இறக்காவிட்டால், நானும் ஹை பீம் போட்டுவிடுகிறேன். அவருக்கும் கண் கூசினால்தானே புரியும்? இது தவறு என்கிறார் என் மனைவி. இன்னொன்று, வண்டி பாதி திரும்பிய பிறகு இண்டிகேட்டர் போடுகிறவர்களை என்னதான் செய்வது?

கே.

அன்புள்ள கே.,

உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடுகிறது. இருவரும் அதே வேகத்தில் வந்தால் இடைவெளி நொடிக்கு 33 மீட்டர் குறையும். கூசிய கண் தெளியச் சில நொடிகள் ஆகும், வயதானவர்களுக்கு இன்னும் கூடுதலாக. நீங்கள் பாடம் புகட்டும் அந்த நேரத்தில், பார்வை மங்கிய ஒருவர் உங்களை நோக்கித்தான் வந்துகொண்டிருக்கிறார். ஓரத்தில் விளக்கில்லாத சைக்கிள் போனால் இருவர் கண்ணிலும் படாது.

ஒரே ஒரு முறை ஹை பீமை மினுக்கிக் காட்டுங்கள். மறந்துபோனவர் உடனே இறக்கிவிடுவார். இறக்காவிட்டால் அந்த விளக்கைப் பார்க்காமல், உங்கள் பக்கத்துச் சாலையோரக் கோட்டில் கண்ணை வைத்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். அவர் கடந்ததும் உடனே வேகம் கூட்டவும் வேண்டாம்.

அவர் லோ பீமிலேயே வந்துகொண்டிருக்கவும் கூடும். பின்சீட்டும் டிக்கியும் நிறைந்தால் காரின் பின்பக்கம் அமுங்கி மூக்கு தூக்கும். லோ பீமே எதிராளியின் கண்ணுக்கு ஏறிவிடும். இதற்காகத்தான் பல கார்களில் ஹெட்லைட் ஒளியைக் கீழிறக்க 0 முதல் 3 வரை எண்ணிட்ட சிறு திருகி இருக்கிறது. பாரம் கூடினால் எண்ணைக் கூட்ட வேண்டும், இறக்கியதும் 0-க்குத் திருப்ப வேண்டும். அது எதற்கு என்றே தெரியாமல் ஓட்டுகிறவர்கள் ஏராளம்.

அதைவிட மோசம், ஹாலஜன் பல்புக்காகச் செய்த ஹெட்லைட்டில் எல்.இ.டி. பல்பை மாட்டுவது. ஹாலஜன் இழை இருக்கும் துல்லியமான இடத்தைக் கணக்கிட்டுத்தான் உள்ளிருக்கும் பிரதிபலிப்பான் வளைக்கப்பட்டிருக்கிறது. ஒளி கிளம்பும் இடம் சில மில்லிமீட்டர் நகர்ந்தாலே வெளிச்சம் சாலையை விட்டு மேலே சிதறும். ஓட்டுகிறவருக்குப் பிரகாசமாகத் தெரியும், எதிரே வருபவருக்கு அது ஹை பீம்தான். அதை விற்கிறவர்களும் மாட்டிக் கொடுக்கிறவர்களும் இதைச் சொல்லாமல் விடுவது எனக்குப் பெரும் கோபம்.

முதலில் உங்கள் காரைச் சோதியுங்கள். டயர் காற்று சரியாக இருக்கட்டும். சமதளத்தில் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி நிறுத்தி, ஓட்டுநர் இருக்கையில் ஒருவரை உட்கார வையுங்கள். ஹெட்லைட்டின் நடு உயரத்தை அளந்து சுவரில் கோடு போடுங்கள். லோ பீமின் மேல்விளிம்பு அதற்குச் சுமார் 5 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். சில வண்டிகளில் இந்தச் சரிவை ஹெட்லைட்டின் மேலேயே சதவீதமாக அச்சிட்டிருப்பார்கள். 1% என்றால் இந்த 5 சென்டிமீட்டர்தான். விளிம்பு ஒரு பக்கம், சாலையோரத்தை நோக்கி, மேலேறித் தெரிந்தால் பழுது என்று நினைக்காதீர்கள். நடந்து செல்பவர்கள் தெரிவதற்கான அமைப்பு அது.

டிம் செய்ய எதிர்வண்டி முழுசாகத் தெரியும்வரை காத்திருக்காதீர்கள். வளைவிலோ மேட்டிலோ அதன் வெளிச்சம் தெரிந்ததுமே இறக்குங்கள். முன்னே போகும் வண்டியின் பின்னால் ஓட்டும்போதும் அப்படியே, அவர் கண்ணாடிகளில் உங்கள் விளக்கு அடிக்கும்.

இண்டிகேட்டர் விஷயத்தில் பிறரை உங்களால் திருத்த முடியாது, இடைவெளி விட்டுத் தப்பிக்கலாம். முன்வண்டி கடந்த கம்பத்தை நீங்கள் கடக்கக் குறைந்தது 2 நொடி ஆகட்டும், மழையில் 4. நீங்கள் திரும்பும்போது முதலில் கண்ணாடி, பிறகு இண்டிகேட்டர், அதன் பிறகே பிரேக். பிரேக் விளக்கு மட்டும் எரிந்தால் நிற்கிறீர்களா திரும்புகிறீர்களா என்று பின்னால் வருபவர் ஊகிக்க வேண்டியிருக்கும். மழையில் ஓடும் வண்டியில் நான்கு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு போகிறவர்களும் இதே தவறைத்தான் செய்கிறார்கள்: அவர்கள் எந்தப் பக்கம் ஒதுங்கப் போகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது.