பச்சைப் பகுதியில் மூன்று மணி நேரம்

கேள்வி: என் மூன்று வயது மகனுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். இரவு 11 மணிக்கு 39.6 என்று காட்டியதும் பயந்துபோய் அரசாங்க ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எங்களுக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் உள்ளே போக, எங்களை மட்டும் மூன்று மணி நேரம் உட்கார வைத்துவிட்டார்கள். கேட்டால் ‘ஹிஜாவ்’ (மலாயில் பச்சை) என்று ஒரே சொல். ரத்தம் எடுக்கும்போது மிஸ்ஸி (நர்ஸ்) அவனைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டார், அந்த அலறல் இன்னும் காதிலேயே இருக்கிறது. கணவர் கவுண்டரில் சண்டை போட்டுவிட்டார். கடைசியில் மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அடுத்த தடவை நேரே பிரைவேட்டுக்கே போய்விடலாமா? – ஓர் அம்மா, பிறை, மலேசியா

பதில்: உங்கள் வீட்டுக்காரர் சண்டை போட்டதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. பிள்ளை மடியில் கொதிக்கிறபோது யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? ஆனால் அந்த ‘ஹிஜாவ்’ என்ற சொல்லை யாராவது ஒரு நிமிடம் உட்கார்ந்து உங்களுக்கு விளக்கியிருந்தால் பாதிச் சண்டை நடந்திருக்காது.

எமர்ஜென்சியில் வந்த வரிசைப்படி பார்ப்பதில்லை. வாசலிலேயே எம்.ஏ. என்கிற மருத்துவ உதவியாளரோ மிஸ்ஸியோ பிள்ளையைப் பார்த்து, மூச்சு எப்படி ஓடுகிறது, நிறம் எப்படி, முழித்துப் பார்க்கிறானா என்று கவனித்து, விரலில் ஒரு கிளிப் மாட்டி ஆக்சிஜன் அளந்து, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்துவிடுவார்கள். சிவப்புக்கு உயிர் ஆபத்து, உடனே பார்ப்பார்கள். மஞ்சளை அதிக நேரம் விட முடியாது. பச்சை காத்திருக்கலாம். இதில் 39.6 என்ற எண் மட்டும் பெரிதாக எடுபடாது, 38.5இல் மூச்சுத் திணறுகிற பிள்ளை 40இல் மைலோ கேட்டு அழுகிற பிள்ளைக்கு முன்னால் போய்விடும். ஆம்புலன்ஸில் வருகிறவர்கள் பெரும்பாலும் வேறு வாசல் வழியாக உள்ளே போவதால் நம் கண்ணில் படுவதே இல்லை. நாமோ வெளியே உட்கார்ந்துகொண்டு, நாலு பேர்தானே இருக்கிறார்கள், டாக்டர் உள்ளே என்னதான் செய்கிறார் என்று பொருமிக்கொண்டிருப்போம். நானும் பொருமியிருக்கிறேன்.

அதற்காக மூன்று மணி நேரமும் வாயை மூடிக்கொண்டு உட்காரச் சொல்லவில்லை. பச்சை என்பது வந்த நேரத்து நிலைமை. நடுவில் பிள்ளை துவண்டு போனாலோ, மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்கு இடையில் குழி விழுந்தாலோ, வாந்தி நிற்காவிட்டாலோ கவுண்டருக்குப் போய் “எவ்வளவு நேரம் ஆகும்?” என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்வியை அவர்கள் ஒரு ராத்திரியில் நூறு தடவை கேட்டிருப்பார்கள். “அனாக் சாயா மாக்கின் தெருக் (என் பிள்ளைக்கு இன்னும் மோசமாகிறது), வந்தபோது பேசினான், இப்போது எழுப்பினால் எழுந்திருக்க மாட்டேன் என்கிறான்” என்று சொல்லுங்கள். மறுபடியும் பார்த்தே ஆக வேண்டும்.

அப்புறம், உள்ளே போனதும் கேள்வி மேல் கேள்வி வரும். ஹவுஸ்மேன் (பயிற்சி) டாக்டர் கேட்டதையே எம்.ஓ. (மருத்துவ அதிகாரி) வந்து திரும்பக் கேட்பார், எரிச்சல்படாதீர்கள். காய்ச்சல் எப்போது ஆரம்பித்தது, கடைசியாக எத்தனை மணிக்குச் சிறுநீர் போனான், எடை என்ன, ஜி6பிடி குறைபாடு (சில மருந்துகள் ஒத்துக்கொள்ளாத பிறவிக் குறை) உண்டா, பக்கத்து வீட்டில் யாருக்காவது டிங்கி (டெங்கு) காய்ச்சலா என்று போகும். எடையைக் கட்டாயம் தெரிந்து வைத்திருங்கள், பிள்ளைகளுக்கு எல்லா மருந்தும் எடைக் கணக்குதான். பாராசிட்டமால் சிரப் கொடுத்திருந்தால் பாட்டிலையே பையில் போட்டுக்கொண்டு போங்கள். “5 மில்லி கொடுத்தேன்” என்று சொன்னால் போதாது, ஏனென்றால் நம் கடைகளில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் உள்ளதும் இருக்கிறது, 250 உள்ளதும் இருக்கிறது, இரண்டும் ஒரே மாதிரி இனிப்புத் தண்ணீர்தான். டிங்கி இல்லை என்று தெரியும்வரை இபுபுரோஃபன் என்ற இன்னொரு காய்ச்சல் மருந்தின் பக்கம் போகவே வேண்டாம், ரத்தக்கசிவு அபாயம். பையில் இவையும் இருக்கட்டும்: மைகிட் (பிள்ளையின் அடையாள அட்டை), பிறந்ததிலிருந்து உள்ள அந்தச் சுகாதாரப் புத்தகம், ஒரு மாற்றுச் சட்டை, போன் சார்ஜர். பெரும்பாலும் ஒருவரைத்தான் பிள்ளையோடு உள்ளே விடுவார்கள், அதனால் இந்தப் பை யார் உள்ளே போகிறாரோ அவர் கையில் இருக்கட்டும். வீட்டுக்காரர் பார்க்கிங் தேடிச் சுற்றிக்கொண்டிருக்கும்போது மைகிட் அவர் பாக்கெட்டில் இருந்தால் பிரயோஜனம் இல்லை!

சரி, ஊசி. துணியில் சுற்றுவது கொடுமைக்கு அல்ல, கை ஆடினால் இரண்டாவது தடவை குத்த வேண்டிவரும். ஆனாலும் “நான் மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ளட்டுமா?” என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, சில இடங்களில் விடுவார்கள், சில இடங்களில் வெளியே நிற்கச் சொல்வார்கள். மரத்துப்போகச் செய்யும் களிம்பு இருக்கிறதுதான், அது வேலை செய்ய ஒரு மணி நேரம் போல ஆகும், அவசரத்தில் அதற்கு நேரம் இருக்காது. என் இளைய மகளுக்கு நாலு வயதில் பிரனுலா (ரத்தக்குழாயில் மாட்டும் ஊசிக்குழாய்) போட்டபோது நான் “வலிக்காதுடா” என்று சொல்லி, குத்தியதும் அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, மிஸ்ஸியைக்கூட அவள் அப்படிப் பார்க்கவில்லை. பிறகு அதே மிஸ்ஸிதான் ஒரு கையுறையை ஊதி, மார்க்கரால் கண்ணும் மீசையும் வரைந்து கொடுத்தார், பட்டை ஒட்டிய கையால் அதைப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போனாள். “கட்டெறும்பு கடித்த மாதிரி இருக்கும், பத்து எண்ணுவோம்” என்று உண்மையைச் சொல்லிவிடுங்கள். இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள்: சோறு தின்னாவிட்டால் டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்வேன் என்று வீட்டில் மிரட்டுவது நாம்தான்.

பிரைவேட்டுக்குப் போகலாமா? வசதி இருந்தால், மெடிக்கல் கார்டு (மருத்துவக் காப்புறுதி அட்டை) இருந்தால், தாராளமாக. வரிசை பெரும்பாலும் குறைவாக இருக்கும். குடிமக்களுக்கு அரசாங்க எமர்ஜென்சியில் 1 வெள்ளி (ரிங்கிட்), பிரைவேட்டில் வார்டில் சேர்க்கச் சொன்னால் முன்பணம் கேட்பார்கள், இல்லாவிட்டால் காப்புறுதி நிறுவனத்தின் கடிதம் வரும்வரை காத்திருக்க வேண்டும். ஆனால் அங்கேயும் மோசமான பிள்ளையைத்தான் முதலில் பார்ப்பார்கள். ஓடி விளையாடிக்கொண்டே காய்ச்சல் அடிக்கிற பிள்ளையை அந்த ராத்திரி எங்கேயும் தூக்கிக்கொண்டு ஓடாமல், தண்ணீர் கொடுத்து, காலையில் கிளினிக்குக்குக் கொண்டுபோவதில் தப்பே இல்லை. மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 வந்தால் மட்டும் காலைவரை பொறுக்காதீர்கள். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் கரண்டியும் வேண்டாம், கையில் சாவியும் வேண்டாம், கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் 999க்கு (ஆம்புலன்ஸ்) அழையுங்கள்.

உங்கள் பையன் விஷயத்துக்கு வருகிறேன். மருந்து கொடுத்து அனுப்பினார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், எதைக் கண்டால் திரும்ப வரவேண்டும் என்று சொன்னார்களா என்று எழுதவில்லை. அடுத்த முறை கேட்காமல் கிளம்பாதீர்கள். டிங்கியில் காய்ச்சல் விடுகிற நேரம்தான் ஆபத்தான நேரம், மூன்றாம் நாளுக்கு மேல் உடம்பு குளிர்ந்துவிட்டதே என்று நாம் நிம்மதியாகும்போது வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து சுருண்டு படுப்பது இதில் எது வந்தாலும் உடனே கொண்டுபோக வேண்டும். அன்றைக்கு எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கேட்டு வாங்கித் தொலைக்காமல் வையுங்கள். மறுநாள் கிளினிக்கில் எடுத்தால் பிளேட்லெட் (ரத்தத் தட்டணு) எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அதை வைத்துத்தான் பார்ப்பார்கள்.