ஸ்போர்ட்ஸ் டாக்குமெண்டரி, எத பாக்கலாம் எத தள்ளலாம்? இன்னைக்கு ராத்திரி கேளுங்க

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஒரு மாமாக் கடைல (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) தே தாரிக் டீயோட உக்காந்துட்டேன். 14 வருஷமா வீடியோ எடிட்டிங்தான் பொழப்பு, பந்து விளையாடி முட்டி போச்சு, இப்ப பாக்குறதோட சரி.

செந்தூல் பையன்: அண்ணே, ஹைலைட்ஸ்தான் யூடியூப்ல இருக்கே, எதுக்கு ரெண்டு மணி நேரம் டாக்குமெண்டரி?

ஹைலைட்ஸ்ல யாரு ஜெயிச்சான்னு தெரியும் தம்பி, அவன் வீட்ல என்ன நடக்குதுன்னு தெரியாது. 1994ல வந்த 'ஹூப் ட்ரீம்ஸ்' பாரு, சிக்காகோல பாஸ்கெட்பால் ஆடி பெரிய ஆளாகணும்னு நெனைக்கிற ரெண்டு பசங்க. அரை மணி நேரப் படமாதான் ஆரம்பிச்சாங்க, கூடவே போய்ப் போய் அஞ்சு வருஷம் ஆயிடுச்சு, ஃபுட்டேஜ் மட்டும் 250 மணி நேரம், எடிட்டரா எனக்கு அந்தக் கணக்கக் கேட்டாலே வயித்தக் கலக்குது. ஒரு பையனோட அம்மா நர்சிங் அசிஸ்டெண்ட் படிப்புல நல்ல மார்க் வாங்கி பாஸ் பண்ணிட்டு அழுவாங்க. அங்க மேட்சே இல்ல, ஆனா படத்துலயே பெரிய வெற்றி அதான்.

பட்டர்வொர்த் அக்கா: எனக்கு ரேஸ் கீஸ் ஒன்னும் தெரியாது, புரியுமா?

'சென்னா' பாருங்க அக்கா, பிரேசில் ஃபார்முலா ஒன் கார் ரேஸ் வீரர் அயர்டன் சென்னாவப் பத்துன படம். முழுக்க பழைய ஃபுட்டேஜ், இப்ப யாரும் நாற்காலி போட்டு உக்காந்து பேச மாட்டாங்க, குரல் மட்டும் பின்னாடி ஓடும். 1994 மே 1, இத்தாலி இமோலா ரேஸ்ல கார் மோதி சாகப்போறாருன்னு நமக்குத் தெரியும், அந்த மனுசனுக்குத் தெரியாது. செப்பாங் ரேஸ் சத்தத்துக்குக் காதப் பொத்துன என் வீட்டுக்காரியே அழுதுட்டா.

கிள்ளான் ரசிகன்: 'தி லாஸ்ட் டான்ஸ்' சூப்பர்னு சொன்னா சிலர் திட்டுறாங்களே?

சூப்பர்தான் லா, பாஸ்கெட்பால் வீரர் மைக்கேல் ஜோர்டனையும் அவரோட சிக்காகோ புல்ஸ் டீமையும் பத்துன சீரிஸ், 10 எபிசோடும் ரெண்டே ராத்திரில முடிச்சேன். ஆனா 1997-98 சீசன்ல எடுத்த அந்த ஃபுட்டேஜ் ஜோர்டன் ஓகே சொன்னாதான் வெளிய வரும்னு இருந்துச்சு, அவரு ஆளுங்களே புரொடியூசர் லிஸ்ட்லயும் இருக்காங்க. மாப்பிள்ளை வீட்டுல காசு குடுத்து எடுத்த கல்யாண வீடியோ மாதிரி, பந்தல்ல சண்டை போட்ட சித்தப்பா எங்கன்னு தேடணும். கூட ஆடுன பிப்பெனே அப்புறம் வெளிப்படையா கோவப்பட்டாரு. அதான் நான் எதப் பாத்தாலும் புரொடியூசர் பேர மொதல்ல பாப்பேன்.

புதுசா வந்தவன்: ட்ரோன் ஷாட், ஸ்லோ மோஷன், பியானோ?

அஞ்சு நிமிஷத்துல மூணு தடவ வந்தா சேனல மாத்திடுவேன்.

செந்தூல் பையன்: நம்ம ஊர்ல யாரப் பத்தி எடுக்கலாம்?

மலேசிய ஃபுட்பால் டீம் கோல்கீப்பர் ஆர். ஆறுமுகம். கை நீளம், ஸ்பைடர்மேன்னு பேரு. 1980ல மெர்டேக்கா ஸ்டேடியத்துல தென் கொரியாவ 2-1னு அடிச்சு மாஸ்கோ ஒலிம்பிக்ஸுக்குத் தகுதி வாங்குன டீம், சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள்ள போன பிரச்னைல மலேசியா ஒலிம்பிக்ஸப் புறக்கணிச்சதால போகவே இல்ல. அவரும் 1988ல கார் ஆக்சிடெண்ட்ல போயிட்டாரு. இப்ப எடுத்தா அவரப் பத்தி மத்தவங்கதான் பேசணும், அவங்களுக்கும் வயசாவுது. எங்கப்பா அந்த மேட்ச்ச ஸ்டேடியத்துல பாத்தவரு, தீபாவளிக்குத் தீபாவளி அதே கதைதான், மைக்கும் கேமராவும் வீட்லயே இருந்துச்சு, நான் ஒரு தடவ கூட ரெக்கார்ட் பண்ணல. இப்ப அவரும் இல்ல.

செந்தூல் பையன்: எங்க தாத்தாவும் அந்த மேட்ச்சுக்குப் போனாருண்ணே. இன்னும் நல்லா பேசுவாரு.

ஞாயித்துக்கிழம காலைல வீட்ல இருப்பாரா? பசியாறிட்டு நேரா வந்துடுறேன்.