ஆங்கில வாக்கியத்தில் அடைத்தொடரை எங்கே வைக்க வேண்டும்?

ஒரு பெயரையோ செயலையோ கூடுதலாக விவரிக்கும் சொற்கூட்டமே அடைத்தொடர். ஆங்கிலத்தில் அது, தான் விவரிக்கும் சொல்லுக்கு இயன்றவரை அருகில் நிற்க வேண்டும். தமிழில் சொற்களின் உறவை வேற்றுமை உருபுகள் பெரும்பாலும் காட்டிவிடுகின்றன. பழைய ஆங்கிலத்தில் இருந்த அத்தகைய விகுதிகளில் பெரும்பகுதி காலப்போக்கில் மறைந்துவிட்டதால், இன்று அந்த வேலையைச் சொல்லின் இடமே செய்கிறது. பெட்டியில் ஒட்டும் பெயர்ச்சீட்டைப் போன்றது இது: பக்கத்துப் பெட்டியில் ஒட்டினால், படிப்பவர் அந்தப் பெட்டியைத்தான் திறப்பார்.

‘வாக்கிங் டு தி ஸ்டேஷன், தி ரெயின் சோக்ட் மீ’ என்று எழுதினால், தொடக்கத் தொடர் அடுத்து வரும் எழுவாயான மழையைப் பற்றிக்கொள்வதால், மழையே நிலையத்துக்கு நடந்ததாகப் பொருள்படும். நடந்தவரை எழுவாயாக்கி, ‘வாக்கிங் டு தி ஸ்டேஷன், ஐ காட் சோக்ட்’ என்பதே சரி. ‘நிலையத்துக்கு நடந்து போகையில் மழை என்னை நனைத்துவிட்டது’ என்பது தமிழில் இயல்பாகவே ஒலிப்பதால், நாம் மிகுதியாகக் கவனிக்க வேண்டிய இடம் இதுவே என்பது என் கருத்து. ‘ஒன்லி’ போன்ற தனிச்சொற்களுக்கும் இவ்விதி பொருந்தும்: ‘ஒன்லி ஷீ கால்ட் மீ’ என்றால் அவள் மட்டும் அழைத்தாள், ‘ஷீ கால்ட் ஒன்லி மீ’ என்றால் என்னை மட்டும் அழைத்தாள்.

காற்புள்ளி இட்டால் இக்குழப்பம் தீரும் என்று பலர் கருதுகிறார்கள். காற்புள்ளி தொடரைப் பிரித்துக் காட்டுமே தவிர, தவறான எழுவாயைத் திருத்தாது.