நின்ற இதயத்தைக் காப்பது எப்படி? குழந்தைகளின் இதய அறுவை பற்றிய கேள்வி பதில்

குழந்தைகளுக்கான இதய அறுவை அரங்கில், இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்கும் பெர்ஃப்யூஷனிஸ்டாகப் பணிபுரிகிறேன். அறுவையின்போது பிள்ளையின் இதயத்தசை சேதமடையாமல் எவ்வாறு காக்கப்படுகிறது என்று பெற்றோரும் மாணவர்களும் கேட்ட கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஐயா, என் மகளுக்கு இதயக் கீழறைச் சுவரில் ஓட்டை இருக்கிறது. அதை அடைக்க இதயத்தையே நிறுத்துவார்கள் என்கிறார்கள். நிறுத்தாமல் செய்ய முடியாதா? (ஒரு தந்தை)

சில ஓட்டைகளைக் கதீட்டர் (ரத்தக்குழாய்க்குள் செலுத்தும் மெல்லிய குழாய்) வழியாகவே அடைத்துவிடலாம். ஒட்டு வைத்துத் தைக்க வேண்டிய ஓட்டை என்றால், இதயத்தின் உட்புறம் ரத்தமின்றித் தெளிவாகத் தெரிய வேண்டும்; தசையும் அசையக் கூடாது. துடிப்பைக் கடத்தும் திசு ஓட்டையின் விளிம்பை ஒட்டியே செல்வதால், ஊசி சற்று விலகினாலும் நிரந்தரப் பாதிப்பு நேரலாம். ஆகவே பெருந்தமனியில் கிளாம்ப் (ரத்தக்குழாயை அழுத்தி மூடும் இடுக்கி) போடுகிறோம். இதயத்தசைக்கு ரத்தம் தரும் கரோனரி தமனிகள் கிளாம்புக்குக் கீழே, பெருந்தமனியின் அடிப்பகுதியில் கிளைப்பதால், இயந்திரம் உடல் முழுவதற்கும் ரத்தம் செலுத்திக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் இதயத்துக்கு மட்டும் ரத்தம் நின்றுவிடுகிறது. அந்த நிமிடங்களை இதயம் தாங்கும்படி செய்வதுதான் எங்கள் பணியின் மையம்.

இதயத்தை நிறுத்திக் காப்பதற்காகச் செலுத்தும் டெல் நிடோ கரைசலில் என்னென்ன இருக்கின்றன? அது ஏன் குழந்தைகளுக்கு ஏற்றது? (ஒரு செவிலியர் மாணவி)

பொட்டாசியம் செலுத்தி இதயத்தை நிறுத்தும் முறையை 1955-இல் லண்டனில் டெனிஸ் மெல்ரோஸ் அறிமுகப்படுத்தினார். ஆனால் செறிவு மிக அதிகமாக இருந்ததால் தசை சேதமடைந்தது. அந்த முறை கைவிடப்பட்டது. 1970-களில் செறிவைக் குறைத்து மீண்டும் கையாண்டபோதுதான் அது நிலைபெற்றது. லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் கரைசல் பல நாடுகளுக்குப் பரவியது. 1990-களின் தொடக்கத்தில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பெட்ரோ டெல் நிடோவும் அவருடைய குழுவினரும் வளர்ச்சியடையாத இதயத்தை மனத்தில் கொண்டு உருவாக்கியதே நீங்கள் கேட்கும் கரைசல்.

பொட்டாசியம் இதயத்தை நிறுத்துகிறது. ஆனால் அது மட்டும் இருந்தால் சோடியமும், அதைத் தொடர்ந்து கால்சியமும் செல்லுக்குள் கசிந்து சேரும். கரைசலிலுள்ள லிடோகேய்ன் என்ற மரப்பு மருந்து, செல்லுக்குள் சோடியம் நுழையும் வாயில்களை அடைக்கிறது. மெக்னீசியம் கால்சியத்தைத் தடுக்கிறது. மானிட்டால் வீக்கத்தைக் குறைக்கிறது; பைகார்பனேட் அமிலத்தன்மையைச் சமன்செய்கிறது. அடிப்படைக் கரைசலில் கால்சியமே கிடையாது. நான்கு பங்கு கரைசலுக்கு ஒரு பங்கு என்று கலக்கும் குழந்தையின் ரத்தத்திலிருந்து சிறிதளவு வருவதே போதுமானது.

வழக்கமான அளவு, ஒரு கிலோ எடைக்கு 20 மில்லி. மூன்றரைக் கிலோ பச்சிளங்குழந்தைக்கு மொத்தமே 70 மில்லிதான், அதில் ரத்தம் 14 மில்லி. இந்தச் சிறு அளவைக் குளிரவைத்து, குழாயில் ஒரு காற்றுக்குமிழியும் இல்லை என்று உறுதிசெய்து, அழுத்தத்தைக் கவனித்தபடியே செலுத்துகிறோம். அழுத்தம் மிகுந்தால் தசையில் நீர் கோத்துக்கொள்ளும். இ.சி.ஜி. கோடு சில நொடிகளில் தளர்ந்து நேர்கோடாகிவிட வேண்டும். அது இழுத்துக்கொண்டே போனால், கரைசல் முழுதாகப் போய்ச் சேரவில்லை என்று பொருள். உடனே அறுவை மருத்துவரிடம் சொல்வேன். ஒரு முறை செலுத்தினால் ஒரு மணி நேரத்துக்கும் மேல் தாங்கும் என்பதால், தையலை இடையிடையே நிறுத்த வேண்டியதில்லை. ஆயினும் கிளாம்ப் போட்டு எத்தனை நிமிடம் ஆயிற்று என்பதை நான் உரக்கச் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

பச்சிளங்குழந்தையின் இதயம் பெரியவர்களுடையதைவிட உறுதியானதா, மென்மையானதா? (ஒரு மருத்துவ மாணவர்)

இரண்டும் உண்மையே. நலமான பச்சிளம் இதயம் குளுக்கோஸை முதன்மையாக எரிப்பதாலும், கிளைகோஜன் (சேமித்து வைத்த குளுக்கோஸ்) கையிருப்பு மிகுந்திருப்பதாலும், ஆக்சிஜன் இல்லாத நேரத்தைப் பெரியவர்களின் இதயத்தைவிட நன்றாகவே தாங்கும். ஆனால் கால்சியத்தைச் சேமித்து விடுவிக்கும் உள்ளமைப்பு அதில் முழுதாக வளர்ந்திருக்காது. ஒவ்வொரு சுருக்கத்துக்கும் வெளியிலுள்ள கால்சியத்தையே பெரிதும் நம்பியிருக்கும். அதனால் கிளாம்பை எடுத்தவுடன் கால்சியத்தை அள்ளிக் கொடுத்தால், பட்டினியிலிருந்து மீளும் தசைக்கு அதுவே கேடாகலாம். சில நிமிடம் பொறுப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. மேலும், அறுவைக்கு வரும் பிள்ளைகளின் இதயம் பெரும்பாலும் நலமான இதயம் அன்று. தடித்தோ, களைத்தோ, நீலம் பாரித்தோ வருவதுதான் மிகுதி.

என் மகனுக்குப் பிறந்ததிலிருந்தே உதடு நீலமாக இருக்கிறது. அவனுக்குத் தனியான கவனிப்பு உண்டா? (ஒரு தாய்)

உண்டு அம்மா. குறைந்த ஆக்சிஜனுக்குப் பழகிய இதயத்துக்குத் திடீரென மிகுதியான ஆக்சிஜனைக் கொடுத்தால், அதிலிருந்து உண்டாகும் தீங்கான மூலக்கூறுகள் தசையைத் தாக்கும். ஆகையால் இயந்திரத்தைத் தொடங்கும்போது ஆக்சிஜனை அளவாக வைத்துப் படிப்படியாக உயர்த்துகிறோம். இன்னொன்றும் உண்டு: இத்தகைய பிள்ளைகளுக்கு உடலே கூடுதல் ரத்தக்குழாய்களை வளர்த்துக்கொண்டிருக்கும். அவற்றின் வழியாக வெதுவெதுப்பான ரத்தம் இதயத்துக்குத் திரும்பி வந்து, நாங்கள் செலுத்திய கரைசலைக் கழுவிவிடும். எனவே அந்த ரத்தத்தை உறிஞ்சி வெளியேற்றுவதோடு, கரைசலையும் வழக்கத்தைவிட முன்னதாகவே மறுபடி செலுத்துகிறோம்.

இதயத்தின்மேல் பனிக்கட்டி போடுவது இன்னும் வழக்கத்தில் உண்டா?

சில இடங்களில் உண்டு. பனித்துகள் பக்கத்திலுள்ள உதரவிதான நரம்பைப் பாதித்தால் குழந்தைக்கு மூச்சுத் திணறும் என்பதால், குளிர்ந்த உப்புநீரைச் சிறிதாக ஊற்றுவதையே விரும்புகிறேன்.

புதிய மருந்துகள் ஏதேனும் பலன் தருகின்றனவா?

இயந்திரத்தின் ஆக்சிஜனேற்றியில் (ரத்தத்தில் ஆக்சிஜன் சேர்க்கும் பகுதி) நைட்ரிக் ஆக்சைடு வாயு சேர்ப்பதைப் பற்றி ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, நெதர்லாந்து மருத்துவமனைகளில் 1,300-க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2022-இல் வெளியானது. செயற்கைச் சுவாசமின்றி இருந்த நாட்களில் வேறுபாடு இல்லை. அதே ஆண்டு அமெரிக்காவில் 1,200 சிசுக்களிடம் நடந்த ஸ்டீராய்டு ஆய்வும் முதன்மை இலக்கில் தெளிவான பலனைக் காட்டவில்லை. இவற்றால் நான் சோர்வடையவில்லை. கிளாம்ப் நேரத்தைக் குறைப்பது, கரைசல் எல்லாப் பகுதிக்கும் சென்றடைந்ததை உறுதிசெய்வது, இதயம் ரத்தத்தால் உப்பிப்போக விடாமல் காப்பது ஆகியவற்றில் தளர்வு வரக் கூடாது என்பதையே அவை வலியுறுத்துகின்றன.

அறுவை நல்லபடியாக முடிந்தது என்றார்கள்; இரவில் குழந்தையின் நிலை மோசமானது. ஏன்? (ஒரு தாத்தா)

அறுவை முடிந்து ஏறத்தாழ 6 முதல் 18 மணி நேரத்துக்குள் இதயம் வெளியேற்றும் ரத்தத்தின் அளவு குறைவது அறியப்பட்ட ஒன்று. கிளாம்ப் காலத்தின் பாதிப்பும், ரத்தம் திரும்பி வந்ததால் ஏற்பட்ட வீக்கமும் சேர்ந்து அப்போதுதான் முழுமையாக வெளிப்படும். கைகால் சில்லிடுவது, சிறுநீர் குறைவது, ரத்தத்தில் லாக்டேட் (திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது மிகும் பொருள்) ஏறுவது ஆகியவை அதன் அடையாளங்கள். இதைத் தடுக்க மில்ரினோன் என்ற, இதயச் சுருக்கத்துக்குத் துணைபுரியும் மருந்து உதவும் என்பதை 2003-இல் வெளியான ஆய்வு காட்டியது. பல தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் அதை முன்கூட்டியே தொடங்குகிறார்கள். அத்துடன், அறுவையில் எஞ்சிய கசிவோ அடைப்போ காரணமா என்று எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) எடுத்துப் பார்ப்பதும் அவசியம். அப்படி ஏதேனும் இருந்தால் மருந்தால் மட்டும் நிலைமை சீராகாது. எக்கோ எடுத்தார்களா, அதில் என்ன தெரிந்தது என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள் ஐயா.