வீடு மாறி எட்டு மாதம்: ஜார்ஜியா மின்கட்டண ஆணையத் தேர்தலில் நிற்கலாமா?

வணக்கம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் மின்கட்டணத்தை நிர்ணயிக்கும் பொதுச்சேவை ஆணையத்தின் தேர்தலில் நிற்க ஆசை, ஆனால் மாவட்டம் மாறி எட்டு மாதம்தான் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நிற்கலாம், கணக்குச் சரியாக வந்தால்.

ஆணையத்தில் மாவட்டத்துக்கு ஒன்றாக உள்ள ஐந்து இடங்களுக்கும் மாநிலம் முழுக்க, 159 கவுண்டிகளிலும் ஓட்டு விழும். ஆனால் வேட்பாளர் அந்தந்த மாவட்டத்தில் 12 மாதமாவது குடியிருந்திருக்க வேண்டும். மனு கொடுக்கும் நாளை வைத்து எண்ணாதீர்கள். தேர்தல் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். வாடகை ஒப்பந்தம், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பதிவு மூன்றிலும் இன்றே ஒரே முகவரி ஆக்கிவிடுங்கள். ஒன்றில் பழைய முகவரி இருந்தாலும் ஆட்சேபணை கிளப்ப அது போதும். எல்லை வரைபடத்தையும் பாருங்கள்: 2022-ல் சட்டமன்றம் அதைத் திருத்தியபோது ஒரு வேட்பாளரின் வீடே மாவட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

மனுக் கட்டணம் பதவிச் சம்பளத்தில் 3 சதவீதம். ஆணையத்தின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனத்திடமிருந்து நன்கொடைக் காசோலை வந்தால் வங்கியில் போடாமல் திருப்பி அனுப்புங்கள்.

பிரசாரத்தில் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கூட்டுறவு மின்சங்க வாடிக்கையாளர்களுக்கும் இதில் ஓட்டு உண்டு, ஆனால் அவர்கள் கட்டணத்தை ஆணையம் நிர்ணயிப்பதில்லை. அவர்களிடம் போய் "உங்கள் பில்லைக் குறைப்பேன்" என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். ஜார்ஜியாவில் உள்ள வோக்டில் அணுமின் நிலையத்தின் அணுஉலைச் செலவு பற்றிப் பேசும்போதும் யாருடைய பில்லில் ஏறுகிறது என்று கேட்டுவிட்டே பேசுங்கள்.